முதுமையில் தோள்மூட்டு மாற்று: பலனும் பாதுகாப்பும்

முழங்கால் மூட்டு மாற்று இன்று நம் வீடுகளில் பழகிப்போன பேச்சு. உறவிலோ அக்கம்பக்கத்திலோ யாராவது ஒருவர் செய்துகொண்டிருப்பார். தோளுக்கும் அப்படியொரு அறுவை சிகிச்சை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "எழுபத்தைந்து வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டுவிடுகிறார்கள். முழங்கால் வலித்தால் நடை குறையும். வீட்டார் கண்ணில் அது படும். தோள்வலி அப்படி வெளியே தெரிவதில்லை. ரவிக்கைக் கொக்கியைப் போட முடியாமல், தலைவார முடியாமல், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் முதியவரின் துன்பம் அவரோடேயே தங்கிவிடுகிறது.

இந்த அறுவை சிகிச்சை முதியவர்களுக்கு எவ்வளவு பாதுகாப்பானது, எவ்வளவு பயன் தருகிறது என்பதற்குக் கடந்த இருபது ஆண்டுகளில் நல்ல தரவுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், வயது மட்டுமே தடையாக இல்லை என்பது தெளிவாகிறது. ஆனால் இளையவருக்குப் போடும் கணக்கை முதியவருக்குப் போடக் கூடாது. ஐம்பத்தைந்து வயதுக்காரர் கவலைப்பட வேண்டியது, செயற்கை மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பற்றி. எண்பத்தைந்து வயதுக்காரர் கவலைப்பட வேண்டியது, அறுவைக்குப் பிந்தைய முதல் 90 நாட்களைப் பற்றி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் சான்றுகளைப் படிக்க வேண்டும்.

மூட்டின் அமைப்பு

உடலில் எல்லாத் திசையிலும் மிக அதிகமாகச் சுழலும் மூட்டு தோள்தான். அந்தச் சுதந்திரத்துக்கு அது கொடுக்கும் விலை, நிலைத்தன்மை. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத சிறு குழியில் கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம்போல உட்கார்ந்திருக்கிறது. அது நழுவாமல் பிடித்து வைத்திருப்பவை 'ரொட்டேட்டர் கஃப்' எனப்படும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். கையைத் தூக்கும் பெரிய வேலையைச் செய்வது மேலே போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசை. டெல்டாய்டு இழுக்கும்போது எலும்புத்தலை மேல்நோக்கி ஓடிவிடாமல் குழியில் அழுத்திப் பிடிப்பது அந்த நான்கு தசைகளின் பொறுப்பு.

வயது ஏற ஏற இந்தத் தசைநாண்கள் நைந்துபோகின்றன. பலருக்கு வலியே இல்லாமல் கிழிந்திருக்கும். கிழிசல் பெரிதானால் எலும்புத்தலை மேலேறி உரசத் தொடங்கும், குருத்தெலும்பு அழியும். தசைநாண் கிழிசலும் மூட்டுத் தேய்மானமும் சேர்ந்த இந்த நிலையைத் தனி நோயாக 1983-இல் விவரித்தவர் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் சார்லஸ் நீர். தசைநாண் நன்றாக இருந்து மூட்டு மட்டும் தேய்வது இன்னொரு வகை. கீழே விழுந்து மேற்கை எலும்பின் தலைப்பகுதி பல துண்டுகளாக நொறுங்குவது மூன்றாவது வகை. முடக்குவாதம், எலும்புத்தலைக்கு ரத்தம் போகாமல் அது சிதைவது ஆகியவையும் உண்டு.

நம் ஊரில் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகி, கையைத் தூக்க முடியாமல் போவதை அடிக்கடி பார்க்கிறோம். 'ஃப்ரோசன் ஷோல்டர்' எனப்படும் இது மூட்டு மாற்றுக்கான நோய் அல்ல. எக்ஸ்-ரேயில் மூட்டு நன்றாக இருக்கும். பயிற்சியாலும் ஊசியாலும் காலப்போக்கில் பெரும்பாலும் தளரும். தோள்வலியோடு வரும் எல்லா முதியவருக்கும் மூட்டு மாற்று தேவைப்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாரிஸிலிருந்து தீஜோன் வரை

தோள்மூட்டு மாற்றின் வரலாறு பெரும்பாலோர் நினைப்பதைவிடப் பழையது. 1893-இல் பாரிஸில் ஜூல் எமில் பெயான், காசநோயால் தோள்மூட்டு அழிந்த 37 வயது நோயாளிக்கு பிளாட்டினமும் கெட்டியாக்கிய ரப்பரும் கொண்டு செய்த செயற்கை மூட்டைப் பொருத்தினார். கை ஓரளவு வேலை செய்தது. ஆனால் கிருமித்தொற்று விடவில்லை. சுமார் இரண்டு ஆண்டுகளில் அதை அகற்ற வேண்டியதாயிற்று. அடுத்த அரை நூற்றாண்டுக்கு இந்த முயற்சி அப்படியே நின்றது.

1950-களில் நியூயார்க்கில் சார்லஸ் நீர், நொறுங்கிய எலும்புத்தலைக்குப் பதிலாக உலோகத் தலை வைக்கத் தொடங்கினார். 1955-இல் முடிவுகளை வெளியிட்டார். 1970-களில் குழிப்பக்கமும் பாலிஎத்திலீன் கிண்ணம் சேர்ந்து முழு மூட்டு மாற்று உருவானது. தசைநாண் நன்றாக உள்ளவர்களுக்கு இது சிறப்பாக உதவியது. தசைநாண் கிழிந்தவர்களுக்கோ உதவவில்லை. உலோகத் தலையைக் குழியில் பிடித்து வைக்க ஆள் இல்லாததால் அது மேலும் கீழும் ஆடி, கிண்ணத்தைத் தளர்த்திவிட்டது. முதியவர்களில் பலர் இந்த வகையினர் என்பதால் அவர்களுக்கு மட்டும் வழி அடைபட்டிருந்தது.

அதைத் திறந்தவர் பிரான்சின் தீஜோன் நகரத்து மருத்துவர் பால் கிராமோன். 1985-இல் அவர் மூட்டையே தலைகீழாக்கினார். குழி இருந்த இடத்தில் உலோக உருண்டை. உருண்டை இருந்த இடத்தில் கிண்ணம். அவருக்கு முன்பும் சிலர் இப்படி முயன்று தோற்றிருந்தார்கள். கிராமோன் செய்த திருத்தம், சுழலும் மையத்தை உட்புறமாகவும் கீழ்ப்புறமாகவும் தள்ளியது. இதனால் எலும்பிலிருந்து உருண்டையைப் பெயர்க்கும் விசை குறைந்தது. டெல்டாய்டு தசை நீண்டு இறுக்கம் பெற்று, கிழிந்த தசைகளின் உதவி இல்லாமலே கையைத் தூக்கியது. அமெரிக்காவில் இதற்கு 2003-இல் அனுமதி கிடைத்தது. இன்று முதியவர்களுக்கு மிகுதியாகச் செய்யப்படுவது இந்தத் தலைகீழ் மூட்டு மாற்றுதான்.

தேய்ந்த மூட்டில் பலன்

தேய்மானத்துக்காகச் செய்யப்படும் மூட்டு மாற்றில் முதல் வெற்றி வலிக்குறைவு. இரவில் தூக்கம் திரும்புவதைத்தான் நோயாளிகள் முதலில் சொல்கிறார்கள். அசைவு அதற்கு அடுத்தது. தலைகீழ் மூட்டு பொருத்தியவர்களில் பெரும்பாலோரால் தோள்மட்டத்துக்கு மேல் கையை உயர்த்த முடிகிறது. அலமாரியின் மேல்தட்டை எட்டலாம், தலைவாரலாம், சட்டை மாட்டலாம். ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் அசைவு எல்லோருக்கும் திரும்புவதில்லை.

செயற்கை மூட்டின் ஆயுளைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளையும் தேசியப் பதிவேடுகளையும் தொகுத்து 2019-இல் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 10-இல் 9 மூட்டுகள் மாற்றப்படாமல் நிலைத்திருந்ததைக் காட்டியது. தசைநாண் நன்றாக உள்ள முதியவருக்கு வழக்கமான மூட்டா, தலைகீழ் மூட்டா என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் தேசிய மூட்டுப் பதிவேடு 2024-இல் விடை தந்தது. அறுபது வயதைக் கடந்த ஏறத்தாழ 12,000 பேரின் பதிவுகளை ஒப்பிட்டபோது, முதல் மூன்று ஆண்டுகளில் தலைகீழ் மூட்டுக்கு மறு அறுவை குறைவாக இருந்தது; நீண்ட காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ஏற்கத்தக்கவை என்றே முடிவு வந்தது.

ஆய்வுகளின் மதிப்பெண்களைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. தோளுக்கான 'கான்ஸ்டன்ட்' மதிப்பெண் 100-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் அசைவுக்கு 40, வலுவுக்கு 25, அன்றாட வேலைகளுக்கு 20, வலிக்கு வெறும் 15. எண்பது வயதுப் பெண்ணுக்கு எடை தூக்கும் வலுவைவிட வலியில்லாத தூக்கம் பெரிது. மதிப்பெண் சராசரியாக இருந்தும் நோயாளி நிறைவாக இருப்பது இதனால்தான். முதியவர்களின் பலனை அளக்கும்போது அவர்கள் எதைப் பெரிதாக மதிக்கிறார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ளாத எந்த அளவையும் அரைகுறையானதே.

எலும்பு முறிவில் கணக்கு வேறு

குளியலறையிலோ வாசற்படியிலோ விழுந்து தோளில் எலும்பு முறிவது முதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அடிக்கடி நேர்கிறது. இங்கே அறுவை சிகிச்சைதான் சிறந்தது என்ற எண்ணத்தை உலுக்கியது பிரிட்டனில் நடந்த 'ப்ரோஃபர்' ஆய்வு. முறிந்து விலகிய எலும்போடு வந்த 250 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவையும் மறு குழுவுக்குத் தூளிக்கட்டும் பயிற்சியும் அளித்தார்கள். 2015-இல் வெளியான இரண்டு ஆண்டு முடிவில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நிலை.

ஆனால் அந்த ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்குப் போடப்பட்டது உலோகத் தகடு. தலைகீழ் மூட்டு அல்ல. அதைத் தனியாகச் சோதித்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. ஸ்பெயினில் எழுபது வயதைக் கடந்த 62 பேரிடம் நடந்த ஆய்வில், தலை மட்டும் மாற்றியவர்கள் சராசரியாக 40 மதிப்பெண் பெற, தலைகீழ் மூட்டு பெற்றவர்கள் 56 பெற்றார்கள். நார்வேயில் 65 முதல் 85 வயது வரையிலான 124 பேரிடம் தகட்டோடு ஒப்பிட்டபோது, இரண்டு ஆண்டில் தலைகீழ் மூட்டுக்கு 68, தகட்டுக்கு 54.6. ஆக, அறுவை செய்வது என்று முடிவானால் முதியவரின் மெலிந்த எலும்பில் தலைகீழ் மூட்டே முந்துகிறது.

அறுவையே வேண்டுமா என்பது அதற்கு முந்தைய கேள்வி. எண்பது வயதைக் கடந்தவர்களிடம் தலைகீழ் மூட்டையும் தூளிக்கட்டையும் நேரடியாக ஒப்பிட்ட ஸ்பெயின் ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் வலியில் சிறிதளவு நன்மை தெரிந்தது. செயல்பாட்டில் வித்தியாசம் மிகச் சிறிது. எனவே மிக மூத்தவருக்கு, எலும்புத்தலை பிளந்தோ மூட்டை விட்டு நழுவியோ இல்லாத நிலையில், முதலில் தூளிக்கட்டு, சில வாரங்களில் மென்மையான பயிற்சி என்று தொடங்குவது நியாயமான வழி. அது பலிக்காமல் வலி நீடித்தால் பிறகு தலைகீழ் மூட்டு பொருத்தலாம்; அந்தக் கதவு மூடிவிடாது. கட்டுப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கையை அசைக்காமல் வைத்திருப்பதுதான் கெடுதல். நாட்டுக் கட்டானாலும் மருத்துவமனைக் கட்டானாலும், அசையாத தோள் இறுகிவிடும்.

முறிவோடு வந்தவருக்கு எலும்பு மெலிவுக்கான சிகிச்சையும் அப்போதே தொடங்க வேண்டும். தோள் முறிந்த முதியவருக்கு அடுத்த ஓராண்டில் இடுப்பு எலும்பு முறியும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடுவதாக அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. தோளைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, எலும்பின் வலுவையும் விழுந்த காரணத்தையும் கவனிக்காமல் விடுவது பாதி சிகிச்சைதான்.

முதல் 90 நாட்கள்

பாதுகாப்பைப் பற்றி நம்மிடம் உள்ள வலுவான சான்று, 2019-இல் 'பி.எம்.ஜே.' இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு. 1998 முதல் 2017 வரை நடந்த 58,054 தோள்மூட்டு மாற்றுகளை அது பின்தொடர்ந்தது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரலில் ரத்தக்கட்டு, சளித்தொற்று, சிறுநீரகப் பாதிப்பு போன்ற கடுமையான சிக்கல்களில் ஒன்றாவது வந்தவர்கள் 30 நாளில் 3.5 சதவீதம், 90 நாளில் 4.6 சதவீதம். மொத்தமாகப் பார்த்தால் இது நல்ல செய்தி.

வயதுவாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. 55 முதல் 59 வயது வரையிலான ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும். 85-ஐக் கடந்த பெண்களிலோ அது 37 பேரில் ஒருவருக்குத்தான். சிக்கல்கள் இதற்கு நேர்மாறாக ஓடுகின்றன. 85-ஐக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 90 நாட்களுக்குள் கடுமையான சிக்கல் ஒன்றைச் சந்தித்தார். வயதோடு பிற நோய்களும் சேர்ந்தால் ஆபத்து கூடியது.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், வயதான பின் செய்யலாம்" என்று அறுபதில் உள்ளவரிடம் சொல்லும் அறிவுரை மூட்டின் ஆயுளைக் காக்கும். எழுபத்தெட்டில் உள்ளவரிடம் அதையே சொன்னால் ஆபத்தைத்தான் வளர்க்கும். வலி தாங்க முடியாத நிலைக்கு வந்து, உடல் இன்னும் நன்றாக இருக்கும்போதே செய்துகொள்வது அவருக்கு மேல். எண்பத்தேழில் இதயமும் நுரையீரலும் தளர்ந்த பிறகு தயங்கித் தயங்கிச் செய்வது எல்லாவற்றிலும் மோசமான தேர்வு.

அறுவை அறையில் நடப்பது

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் அதைக் குறைக்கும் வழியும் தெரியும். தோள் அறுவையில் நோயாளியைச் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல நிமிர்த்தி வைப்பார்கள். ரத்த அழுத்தம் கையில் அளக்கப்படும். ஆனால் மூளை இதயத்தைவிட உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் அழுத்தம் சுமார் 0.77 மி.மீ. பாதரசம் குறையும். 25 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள மூளைக்குக் கருவி காட்டுவதைவிட ஏறத்தாழ 19 குறைவாகவே கிடைக்கும். ரத்தக்கொதிப்பு உள்ள முதியவருக்கு இது பெரிய வேறுபாடு. தேர்ந்த மயக்க மருத்துவர் இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே அழுத்தத்தைத் தாழவிடாமல் பார்த்துக்கொள்கிறார்.

வலி தெரியாமல் இருக்கக் கழுத்துப் பக்கத்தில் போடும் நரம்பு ஊசி அருமையானது. ஆனால் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பையும் அது சில மணி நேரம் மரத்துப்போகச் செய்யலாம். அப்போது ஒரு பக்க நுரையீரல் சரியாக விரியாது. நல்ல நுரையீரல் உள்ளவர் இதை உணரவே மாட்டார்; நாள்பட்ட மூச்சுத்திணறல் உள்ளவர் தவித்துப்போவார். அவருக்கு மருந்தின் அளவைக் குறைக்கலாம், அல்லது தோளுக்கு மட்டும் போகும் நரம்பில் போடலாம். புகைபிடித்தவர், ஆஸ்துமா உள்ளவர் அதை மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிருமித்தொற்றில் தோளுக்கென்று ஒரு தனிக் கிருமி உண்டு: முகப்பருவோடு தொடர்புடைய 'க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்'. தோளின் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் வாழ்வதால் மேலே தடவும் மருந்துக்கு எளிதில் மசியாது. மெல்ல வளர்வதால் காய்ச்சலும் சீழும் இல்லாமல், மாதங்கள் கழித்து வெறும் வலியாகவே வெளிப்படலாம். ஆய்வகத்தில் இரண்டு வாரம் வரை வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அறுவைக்கு முந்தைய நாட்களில் பென்சாயில் பெராக்சைடு களிம்பு பூசுவது இதைக் குறைக்கிறது. அறுவைக்கு முந்தைய மூன்று மாதங்களில் தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் தொற்று வாய்ப்பு கூடுவதால், அறுவையைத் தள்ளிவைப்பது வழக்கம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், மெலிந்த உடலுக்குப் புரத உணவு சேர்ப்பதும், ரத்தசோகையைச் சரிசெய்வதும் அதே அளவு முக்கியம்.

அறுவை செய்பவரின் பழக்கமும் பாதுகாப்புதான். ஆண்டுக்குப் பத்துக்கு மேற்பட்ட தோள்மூட்டு மாற்றுகளைச் செய்யும் மருத்துவர்களிடம் மறு அறுவை குறைவாக இருந்ததை இங்கிலாந்துத் தரவுகள் காட்டின. முழங்காலில் கைதேர்ந்தவர் தோளிலும் கைதேர்ந்தவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. "ஆண்டுக்கு எத்தனை தோள் செய்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

வீடு திரும்பிய பின்

தலைகீழ் மூட்டு நழுவுவதற்கு மிக வாய்ப்பான நிலை, கை உடலை ஒட்டிப் பின்னால் போய் உள்நோக்கித் திரும்பும் நிலை. நாற்காலியிலிருந்து எழ, இருபுறமும் கையூன்றித் தள்ளுவோமே, அதுதான். தரையில் உட்கார்ந்து, ஒரு கையைப் பின்னால் ஊன்றி எழும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் பெரிய சோதனை. எனவே அறுவைக்கு முன்பே உயரமான நாற்காலி, உயரமான கட்டில், மேற்கத்திய கழிப்பறை, கைப்பிடிக் கம்பி ஆகியவற்றை வீட்டில் ஏற்பாடு செய்ய வேண்டும். மலம் கழித்தபின் கழுவுவதற்குக் கை பின்னால் போக வேண்டும். எந்தக் கையில் அறுவை, மறு கை அந்த வேலைக்குப் பழகுமா என்பதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

முழங்கால் வலியால் வாக்கர் பிடித்து நடப்பவருக்கு ஒரு கை பல வாரம் தூளியில் இருந்தால் எப்படி நடப்பார்? ஒரு கை கட்டப்பட்டிருக்கும்போது தடுமாறி விழும் வாய்ப்பும் கூடுகிறது. காலை முதலில் சரிசெய்வதா, தோளையா என்பதை இரு மருத்துவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். எலும்பு மெலிந்தவர்களுக்குச் சில மாதங்கள் கழித்துத் தோளின் உச்சியில் திடீரென வலி வந்தால், இறுகிய டெல்டாய்டின் இழுப்பில் அங்கே கீறல் முறிவு ஏற்பட்டிருக்கலாம். பயிற்சியால் வந்த வலி என்று ஒதுக்கிவிடாமல் காட்ட வேண்டும்.

அறுவைக்குப் பிறகு முதியவர்கள் சிலர் ஒன்றிரண்டு நாள் இடம் காலம் தெரியாமல் குழம்புவார்கள். மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் உடனே திரும்பக் கொடுப்பது, பழகிய முகம் பக்கத்தில் இருப்பது, தூக்க மாத்திரைகளைத் தவிர்ப்பது, சீக்கிரம் எழுந்து நடக்கவைப்பது ஆகியவை இதைக் குறைக்கும். இதில் மருத்துவரைவிட வீட்டாரின் பங்கு பெரிது.

முடிவு யாருடையது?

சான்றுகளின் சாரம் இது. தேய்ந்த மூட்டால் தூக்கம் கெட்டு, மாத்திரையாலும் பயிற்சியாலும் பலன் இல்லாத முதியவருக்கு, உடல்நலம் இடம் கொடுத்தால், மூட்டு மாற்று நல்ல சிகிச்சை. பொருத்தும் மூட்டு பெரும்பாலும் அவர் ஆயுளுக்கும் போதும். எலும்பு முறிவில் அவசரப்பட வேண்டியவர்கள் குறைவு. அறுவைதான் வேண்டும் என்றால் தலைகீழ் மூட்டுக்கே சான்று அதிகம். எண்பத்தைந்தைக் கடந்தவருக்கு, குறிப்பாக இதயமோ நுரையீரலோ சிறுநீரகமோ பழுதானவருக்கு, வலியின் எடையையும் 90 நாள் ஆபத்தின் எடையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

அந்த எடையைப் போட வேண்டியவர் நோயாளிதான். நம் ஊரில் மருத்துவர் மகனிடம் பேசுகிறார், மகன் மருமகளிடம் பேசுகிறார். தோள் யாருடையதோ அவரிடம் கடைசியில் முடிவு மட்டும் சொல்லப்படுகிறது. வலியைத் தாங்கியிருக்க முடியுமா, எந்த வேலையைத் தானே செய்துகொள்ள ஆசைப்படுகிறார், எவ்வளவு ஆபத்தை ஏற்கத் துணிவார் என்பவற்றை அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. எண்களை எளிய தமிழில் அவருக்குச் சொல்லுங்கள்: உங்கள் வயதில், உங்கள் உடல்நிலையில், இத்தனை பேரில் ஒருவருக்கு இந்தச் சிக்கல் வரலாம், இந்த அளவு வலி குறையலாம், இந்த அசைவு திரும்பாமல் போகலாம். இவ்வளவையும் கேட்டுவிட்டு வேண்டும் என்று சொன்னாலும், வேண்டாம் என்று சொன்னாலும், அந்த முடிவை மதிப்பது மருத்துவரின் கடமை, வீட்டாரின் கடமை.